மீனாட்சி அம்மாளை வாய்விட்டுப் படியுங்கள்

இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகப் பாடிய மீனாட்சி அம்மாளின் பாட்டுகளைக் கண்ணால் மட்டும் படித்தவர்கள் ஏமாந்துபோகிறார்கள். உவமை இல்லை, சொல்லழகு இல்லை, மேடைப் பேச்சை மடக்கிப் போட்டதுபோல இருக்கிறது என்கிறார்கள். அவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: புத்தகத்தை மூடாதீர்கள், வாயைத் திறவுங்கள்.

1940இல் அவர் வெளியிட்ட ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ ஒரு சிறிய பாட்டுப் புத்தகம். கூட்டத்தில் பாடவும், கேட்டவர்கள் தாங்கள் குடியிருந்த லயத்துக்குக் கொண்டுபோய்த் திரும்பப் பாடவும் எழுதப்பட்டது. அன்றைய தோட்டங்கள் வெளியாட்களுக்கு அடைத்த இடங்கள். தோட்ட நிர்வாகியான துரையின் அனுமதி இல்லாமல் வெளியாள் நுழைந்தால் அத்துமீறல் என்று வழக்குப் போடலாம். மீனாட்சி அம்மாளின் கணவர் கோ. நடேசய்யர், தஞ்சாவூர்க்காரர், புடவை வியாபாரியாக வேடமிட்டுத்தான் தோட்டங்களுக்குள் போய் வந்தார். 1931இல் ஹட்டனை மையமாக வைத்து அவர் தொழிற்சங்கம் தொடங்கியபின் கூட்டங்களில் மீனாட்சி அம்மாள் பாடினார். ஒரு பெண், அந்தக் காலத்தில், தொழிலாளர் கூட்டத்தின் நடுவே நின்று குரலெடுத்துப் பாடியது எவ்வளவு பெரிய காரியம் என்று யோசித்துப் பாருங்கள். நோட்டீஸை, வேலையை மேற்பார்க்கும் கங்காணி பிடுங்கிக் கிழிக்கலாம். மனதில் ஏறிய பாட்டை என்ன செய்வான்?

அதனால்தான் சனங்களுக்குப் பழக்கமான மெட்டுகளில் அவர் பாடினார். முதல் தடவை அர்த்தத்தை விட்டுவிட்டு, கைதட்டிக்கொண்டே படியுங்கள். அடுத்த தடவை பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். கும்மியில் செய்வதுபோல நீங்கள் ஒரு வரி சொல்ல, அவர் திரும்பச் சொல்லட்டும். ஏட்டில் சலிப்பாகத் தெரிந்த வரிகள் அப்போது உயிர்பெறும்.

பிறகு சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்த ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ நூலை எடுங்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் பாடிப் பார்ப்பதுதான், என் அனுபவத்தில், மிகச் சிறந்த வழி. அந்தத் தொகுப்பின் நாட்டார் பாட்டில் ஒரு பெண், கொழுந்து பறிக்கும் தன் நிரையில் நின்றபடி, பக்கத்து நிரைக்காரிக்குக் கேட்கும் அளவுக்குத் தன் துயரத்தைச் சொல்கிறாள். அங்கே எதிரி, கண்ணெதிரே நிற்கும் கங்காணி. மீனாட்சி அம்மாளின் பாட்டில் அதே சனம் தலைநிமிர்ந்து கொழும்பு அரசாங்கத்தைப் பார்த்துப் பேசுகிறது. அந்தத் திருப்பத்தைக் காதால் பிடித்துவிட்டால், சொல்லழகு இல்லையே என்ற குறை எனக்கு மறந்தே போகிறது.

ஆண்டையும் மறக்காதீர்கள். 1939இல் அரசாங்க இலாகாக்களில் நாட்கூலிக்கு வேலை செய்த இந்தியர்களை நீக்கினார்கள். இந்திய அரசு, இந்தியத் தொழிலாளர்கள் இலங்கைக்கு வருவதைத் தடுத்தது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸ் சூட்டில் இறந்தார். அந்தப் பதற்றம் பாட்டின் மூச்சில் இருக்கிறது. தோட்டத் தொழிலாளர்களின் குடியுரிமையைப் பறித்த 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்துக்கு இன்னும் எட்டு வருடம் இருந்தது.

லயத்தில் வயதான அம்மாயி யாராவது இருந்தால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பாடுங்கள். எந்த வரியில் அவர் கை தொடையில் தாளம் போடத் தொடங்குகிறதோ, அந்த வரியை இன்னொரு முறை பாடுங்கள்.