தாமரை நகரத்தில் யார் நடந்தார்கள்?

மதுரையைத் தாமரை வடிவ லட்சிய நகரம்னு புகழும் கட்டுரைகள் நிறைய. நடுவில் மீனாட்சி கோயில். சுற்றிலும் இதழ் மாதிரி ஆடி, சித்திரை, ஆவணி மூல, மாசி வீதிகள். உண்மையிலேயே அழகான திட்டம்தான். தேவைப்பட்டபோது மாறவும் செய்தது. திருமலை நாயக்கர் மாசியில் நடந்த திருக்கல்யாணத்தைச் சித்திரைக்கு மாற்றினார். அதனால்தான் சித்திரைத் தேர் இன்னும் மாசி வீதிகளில் ஓடுது. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்தார்; அங்கே வெளி வீதிகள் வந்தன.

இத்தனைக்கும் வளைந்துகொடுத்த ஊரில், தலித்துகளும் நாடார்களும் அந்த நடுப்புள்ளிக்குள் நுழைய 1939 ஜூலை 8 வரை ஆச்சு. அன்று வைத்தியநாத ஐயர் அவர்களை அழைத்துப் போனார். தாமரையைப் புகழும் கட்டுரைகள் பெரும்பாலும் இந்தத் தேதியைச் சொல்வதில்லை. எந்த டிசைனுக்கும் முதல் கேள்வி, இது யாருக்கு என்பதுதானே?