தொழிற்சாலை வாசலைத் தாண்டிய நாளில் இருந்தபடியே

திருப்பூரில் ஷிப்மென்ட்டுக்கு முன் வந்து நிற்கும் தர ஆய்வாளர், பனியன் அழகாக இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. பையர் ஒப்புதல் தந்த சாம்பிளை மேசையில் வைத்து, நிறமும் அளவும் தையலும் அதோடு ஒத்துப்போகின்றனவா என்றுதான் பார்க்கிறார். பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைப் புதுப்பித்து மதிப்பெண் போடும் உலகத்திலும் வழக்கம் இதுவே. எதைச் சாம்பிளாக வைப்பது என்பதில்தான் மரபுகள் பிரிகின்றன.

முதல் மரபு அழகுக்கானது. பிரான்சில் உருவான கான்கோர் என்னும் கார் அழகுப் போட்டி வழக்கம், கலிஃபோர்னியாவின் பெபிள் பீச்சில் 1950இல் தொடங்கிய போட்டியில் உச்சம் கண்டது. முதல் சில ஆண்டுகளில் அங்கே முதல் பரிசு புதுக் கார்களுக்கே போனது. 1955இல் பந்தய வீரர் ஃபில் ஹில்லின் 1931ஆம் ஆண்டு பியர்ஸ்-ஆரோ வென்றதோடு பழைய கார்களின் பக்கம் காற்று திரும்பியது. இந்த மரபு தந்த கேடும் உண்டு. எந்தத் தொழிற்சாலையும் பூசியிராத கண்ணாடிப் பளபளப்பை இன்ஜின் அறைக்குள் ஏற்றிவிடுகிறார்கள்.

இரண்டாவது, துல்லியத்துக்கான மரபு. 1935இல் தொடங்கிய அமெரிக்கப் பழங்கார் கழகம் 400 மதிப்பெண்ணில் ஆரம்பித்துக் குறைகளுக்குக் கழிக்கிறது. டீலர் வாடிக்கையாளருக்குக் கொடுக்கத் தயார்செய்திருக்கக்கூடிய நிலைதான் அதன் அளவுகோல். அதற்கு மேல் மெருகேற்றினால் கூடுதல் மதிப்பெண் இல்லை. கார்வெட் கார்களுக்கென 1974இல் அமைந்த சங்கம் இன்னும் கறார். 94 சதவீதமாவது எடுத்தால்தான் அதன் உயர்ந்த விருது. ஃபிரேமில் ஆய்வாளர் போட்ட சாக்பீஸ் குறி, ஓரங்களில் சிதறிய பெயின்ட் தூசி, ஆரஞ்சுத் தோல்போலச் சொரசொரப்பான மேற்பூச்சு எல்லாம் அங்கே சேர்க்க வேண்டிய விவரங்கள். வழவழவென்று தேய்த்துவிட்டால் மதிப்பெண் போய்விடும்.

மூன்றாவது மரபு, தொடாமல் காப்பது. பழம்வாகனங்களுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பான ஃபிவா (1966) வெளியிட்ட டூரின் சாசனம், கட்டடப் பாதுகாப்பின் கொள்கைகளை வண்டிகளுக்கும் பொருத்துகிறது. மங்கிய பெயின்ட்டும் தேய்ந்த சீட்டும் அங்கே சாட்சியங்கள். ஒருமுறை உரித்துவிட்டால் அவற்றை மறுபடி உண்டாக்க வழியில்லை.

எந்த மரபானாலும் நடுவரின் கண் முதலில் போவது சிறு சாமான்களுக்குத்தான். பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரான எம்.ஜி. டி.சி.யின் இன்ஜினில் மரை மெட்ரிக், ஆனால் போல்ட்டின் தலை விட்வொர்த் என்ற பிரிட்டிஷ் அளவு. பிரெஞ்சு நிறுவனமான ஹாட்ச்கிஸ்ஸின் கோவென்ட்ரி ஆலையை, அதன் இயந்திரங்களோடு, எம்.ஜி.யின் பின்னிருந்த மோரிஸ் வாங்கியதால் மரை அப்படியே தங்கியது. பிரிட்டிஷ் மெக்கானிக்கின் ஸ்பேனர் பொருந்த வேண்டுமென்று தலையை மட்டும் மாற்றினார்கள். அங்கே ‘8.8’ என்று பொறித்த இன்றைய போல்ட் இருந்தால் குட்டு உடைந்துவிடும். லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டரில் மாதமும் ஆண்டும் பொறித்திருக்கும். அது கார் வெளிவந்த தேதிக்குச் சற்று முந்தியிருக்க வேண்டும். வயரிங் பருத்திநூல் பின்னிய உறையோடு வந்தது. எந்த வயர் எதற்கு என்பதை ஊடே ஓடும் நிற இழை சொல்லும். நூலும் நிறமும் தெரிந்த நம் ஊர்க்காரர்கள் இதை நன்றாகவே மதிப்பிடுவார்கள். டயர் கிராஸ்-பிளையா ரேடியலா, பூச்சு செல்லுலோஸ் பெயின்ட்டா இன்றைய டூ-கே பெயின்ட்டா என்பதையும் நடுவர்கள் பார்ப்பார்கள்.

இந்தியாவுக்கு வரும்போது சிக்கல் முளைக்கிறது. சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கம் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் பிரிட்டனின் ட்ரையம்ஃப் ஹெரால்டு காரை இங்கே தயாரித்தது. ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரின் சேஸிஸ் அதே ஹெரால்டிலிருந்து பிறந்தது என்பதால் இரண்டும் பங்காளிகள். பிரிட்டனில் ஹெரால்டு சலூனுக்கு இரண்டே கதவு. இங்கோ, பின்னர் நான்கு கதவு வண்டியே வந்தது. பிரிட்டனில் இன்ஜின் 1,147 சி.சி., 1,296 சி.சி. என்று வளர்ந்தபோதும் இங்கே 948 சி.சி.யிலேயே நின்றது. 1972இல் அதே நிறுவனத்திலிருந்து வந்த கஸல், ஹெரால்டின் ஸ்விங் ஆக்ஸிலை விட்டுச் சாதாரண லைவ் ஆக்ஸிலுக்கு மாறியது. ட்ரையம்ஃபின் கோவென்ட்ரித் தொழிற்சாலைப் புத்தகத்தைக் கையில் வைத்து இந்த வண்டிகளுக்கு மதிப்பெண் போட்டால், சரியானதே தவறாகத் தெரியும். லண்டனிலிருந்து ‘ஒரிஜினல்’ பாகம் வரவழைத்துப் பூட்டுகிறவர், நல்ல எண்ணத்தோடே சென்னை வண்டியின் சரித்திரத்தை அழிக்கிறார்.

2021இல் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு ‘வி.ஏ.’ வரிசை எண் தந்தது. சேஸிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. மாற்றம் எது என்று சொல்ல மூல நிலை எது என்று தெரிந்திருக்க வேண்டும். பிரிட்டிஷ் கார்கள் பலவற்றுக்கு இங்கிலாந்தின் கேய்டனில் உள்ள மோட்டார் பாரம்பரிய அறக்கட்டளை உற்பத்திப் பதிவேட்டைப் பார்த்துச் சான்றிதழ் தருகிறது. நம் வண்டிகளுக்கு அப்படி ஒரு பதிவேட்டை நாமேதான் உருவாக்க வேண்டும்.

அதற்கான வழி எளிது. டிங்கரிங் பட்டறைக்கு வண்டியை விடும் முன் ஒவ்வொரு போல்ட்டையும் படமெடுங்கள். பட்டியைச் சுரண்டும்போது அடியில் தெரியும் முதல் பூச்சின் நிறத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் காயலான் கடைக்குத் தள்ளாமல் சீட்டு கட்டி வையுங்கள். அசெம்பிளி லைனில் வேலை பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு எழுதுங்கள். பத்து ஹெரால்டுகளின் குறிப்புகளை அருகருகே வைத்தால், எது தொழிற்சாலை செய்தது, எது பின்னால் பட்டறை செய்தது என்பது பிரிந்து தெரியும். அந்தக் குறிப்பேடு கைக்கு வந்த பிறகு மதிப்பெண் போடுவதுதான் நியாயமான தீர்ப்பு.