நெடுந்தீவுக்கு இசட் புள்ளி, இராமேசுவரத்துக்கு நீட்

க.பொ.த. உயர்தரப் பரீட்சை நெடுங்காலம் ஆகஸ்டில் நடந்தது. அது சோளகக் காற்று வீசும் காலம். கொரோனாவுக்குப் பின் திகதி பல மாதங்களுக்கு அலைந்து, 2024இல் நவம்பருக்கு வந்தது. அது மாரி மாதம், வாடைக் காற்றின் மாதம். பரீட்சை எந்த மாதத்துக்குப் போனாலும் நெடுந்தீவுப் பெற்றோருக்குக் கடல் குழம்பும் காலமாகவே அது அமைந்துவிடுகிறது. குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரப் படகுப் பயணம். படகு ஓடாத நாளில் யாழ்ப்பாணத்திலிருந்து வரவேண்டிய ஆசிரியரும் வருவதில்லை. இரசாயனவியலில் ஒரு அலகு பிந்துவதற்குக் காற்றும் காரணமாகும் ஊர் அது.

கடல்வழியே பார்த்தால் நெடுந்தீவுக்குக் கொழும்பைவிட இராமேசுவரம் எவ்வளவோ கிட்ட. அங்கேயும் மீன்பிடிக் குடும்பங்கள். அங்கேயும் பிள்ளையை டாக்டராகவோ இன்ஜினியராகவோ பார்க்க ஏங்கும் தாய் தகப்பன். ஆனால் ஒரே கடலின் இரு கரைகளிலும் பிள்ளைகளை அளக்கும் கோல்கள் வேறு. பிள்ளை எங்கே வளர்ந்தது என்பதை இரண்டு நாடுகளும் எப்படிக் கணக்கில் எடுக்கின்றன, எங்கே தவறவிடுகின்றன என்பதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க விரும்புகிறேன்.

நெடுந்தீவு உள்ளிட்ட யாழ்ப்பாணத் தீவகத்தில் முடிவெடுக்கும் நேரம் சாதாரணதரப் பெறுபேறு வந்த கையோடு வந்துவிடும். கணிதப் பிரிவு, உயிரியல் பிரிவு என்றால் 1ஏபி தரப் பாடசாலை வேண்டும். 1சி பாடசாலையில் கலையும் வர்த்தகமும்தான். தீவில் விருப்பமான பிரிவு இல்லை, அல்லது பிரிவு இருந்தும் பௌதிகவியலுக்கு ஆளில்லை என்றால், பதினாறு வயதுப் பிள்ளையை யாழ்ப்பாணத்தில் சொந்தக்காரர் வீட்டிலோ விடுதியிலோ விடவேண்டும். விடுதிக் காசு, ரியூசன் காசு, சனி ஞாயிறு போக்குவரத்து எல்லாம் உண்டு. பெண்பிள்ளை என்றால் காசுக்கு முன்னால் பயம் வந்து நிற்கும். "அவள் கலை எடுக்கட்டும், கண்ணுக்கு முன்னால இருப்பாள்" என்று முடிக்கிற தகப்பனைக் குறைசொல்ல என்னால் முடியாது. ஆனால் அந்த ஒரு வசனத்தோடு அந்தப் பிள்ளைக்கு மருத்துவ பீடத்தின் கதவு பரீட்சைக்கு இரண்டு வருடம் முன்னரே மூடிவிடுகிறது. எந்த இசட் புள்ளியும் இந்த இழப்பைப் பதிவு செய்வதில்லை.

பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளி 2001இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஒரு பாடத்தில் பிள்ளை எடுத்த புள்ளியிலிருந்து, அந்த வருடம் அந்தப் பாடத்துக்குத் தோற்றிய எல்லோரதும் சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுப்பார்கள். மூன்று பாடங்களின் சராசரி நாலு தசமதானம் வரை வரும். "மூண்டு ஏ எடுத்தும் ஏன் ரீச்சர் கம்பஸ் கிடைக்கேல்ல?" என்று தாய்மார் கேட்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. பிள்ளை எவ்வளவு எடுத்தது என்பதைவிட மற்றவர்களிலிருந்து எவ்வளவு விலகி நின்றது என்பதே கணக்கு. கணக்குப் பிழைத்தால் நாடே ஆடும் என்பதையும் கண்டோம். 2011ஆம் ஆண்டுப் பரீட்சைக்குப் பழைய, புதிய பாடத்திட்ட மாணவர்களைச் சேர்த்துக் கணித்த இசட் புள்ளியை மறுவருடம் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

இசட் புள்ளியோடு வேலை முடிவதில்லை. மருத்துவம், பொறியியல் உள்ளிட்ட பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கு. 55 வீதம் சனத்தொகை விகிதப்படி மாவட்டங்களுக்கு. 5 வீதம் கல்வியில் பின்தங்கியவையாக வகுக்கப்பட்ட மாவட்டங்களுக்கு. தீவகப் பிள்ளை யாழ்ப்பாண மாவட்டப் பிள்ளை. நெடுந்தீவு மகா வித்தியாலயத்திலிருந்தோ நயினாதீவு மகா வித்தியாலயத்திலிருந்தோ எழுதுகிறவர், யாழ் இந்து, வேம்படி, ஹாட்லி போன்ற பெரிய பாடசாலைகள் நிற்கிற அதே வரிசையில், அதே வெட்டுப்புள்ளிக்குக் கீழேதான் நிற்கவேண்டும். யாழ் மாவட்டத்தின் ஐந்து கல்வி வலயங்களில் தீவகம் ஒன்று. அனுமதிக் கணக்கில் அந்த வலயத்துக்கு இடமே இல்லை.

இந்த மாவட்டக் கணக்கு பிறந்த கதை தமிழருக்கு ஆறாத புண். 1970களின் தொடக்கத்தில் பேராதனைப் பொறியியல் பீடத்துக்குத் தமிழ்மொழி மூல மாணவருக்கு 250 புள்ளியும் சிங்களமொழி மூல மாணவருக்கு 227 புள்ளியும் என்று வெட்டியது அநியாயம். அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. அதற்குப் பிறகு மொழிவாரித் தரப்படுத்தல், 1974இல் மாவட்டக் கோட்டா. ஆனால் மாவட்டக் கோட்டாவால் மன்னார், மட்டக்களப்புத் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் மலையகப் பிள்ளைகளுக்கும் கதவு திறந்தது என்பதை யாழ்ப்பாணத்தில் நாங்கள் உரத்துச் சொல்வது குறைவு. வசதி குறைந்த இடத்துப் பிள்ளையின் புள்ளிக்குத் தனி நிறை உண்டு என்ற கொள்கையோடு எனக்குச் சண்டை இல்லை. அந்த இடத்தின் எல்லையை எங்கே போட்டார்கள் என்பதுதான் என் கேள்வி. கிளிநொச்சி 1984 வரை யாழ் மாவட்டத்தில்தான் இருந்தது. தனி மாவட்டமான பின் அதற்குத் தனிக் கணக்கு, தனி வெட்டுப்புள்ளி. தீவகம் உள்ளேயே கிடந்தது.

இன்னொன்றும் நடந்தது. 1990, 91இல் படை நடவடிக்கைகளோடு தீவகம் பெருமளவில் வெறுமையானது. பலர் கனடா, பிரான்ஸ் என்று போனார்கள், பலர் திரும்பவேயில்லை. இன்றைய எல்லைக்குள் 1981இல் ஏழு லட்சத்தைத் தாண்டியிருந்த யாழ் மாவட்டச் சனத்தொகை 2012 கணக்கெடுப்பில் ஆறு லட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. கோட்டா சனத்தொகைப்படி என்பதால், ஊரைவிட்டுப் போனவர்களின் எண்ணிக்கையும் ஊரிலே மிஞ்சிய பிள்ளைகளின் இடத்தில் கழிபட்டது.

இனி இராமேசுவரம். தமிழ்நாட்டில் 2006இல் நுழைவுத்தேர்வை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்து, பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே மருத்துவ இடம் கொடுத்தார்கள். 2017இல் அகில இந்திய மருத்துவ நுழைவுத்தேர்வான நீட் வந்தது. பிளஸ் டூவில் 1200க்கு 1176 எடுத்த அரியலூர் அனிதா, நீட்டுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் வரை போய் வழக்காடிய பிறகு அந்த செப்டம்பரில் உயிரை விட்டார். அடுத்த வருடம் தமிழக மாணவர் பலருக்குத் தேர்வு மையம் கேரளத்திலும் ராஜஸ்தானிலும் விழுந்தது. மகனை எர்ணாகுளத்துக்குக் கூட்டிப்போன ஒரு தகப்பன் அங்கேயே இறந்துபோனார். நீட் என்றால் 720 மதிப்பெண், ஒரே நாள், கொடுத்த விடைகளில் ஒன்றைத் தெரிவது, தவறான விடைக்கு மதிப்பெண் கழிவு. எங்கள் உயர்தரத்தில் அமைப்புக் கட்டுரையும் கட்டுரை வினாவும் உண்டு. ஒரு பிள்ளை யோசித்த வழியைத் திருத்துகிறவர் காண முடியும். பரீட்சை என்ற அளவில் எங்களுடையது மேல் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அங்கே பெற்றோரின் இக்கட்டு வேறு இடத்தில் வருகிறது. பிளஸ் டூ முடித்த பிள்ளையை இன்னொரு வருடம் "ரிப்பீட்டர்" ஆக நீட் கோச்சிங்கில் போடலாமா, அதற்குக் கடன் வாங்கலாமா என்பது அவர்களின் கணக்கு. இங்கே பல்கலைக்கழக அனுமதிக்காக மூன்று தடவை மட்டும் தோற்றலாம். அங்கே அந்த எல்லை இல்லை, ஆகவே காசு உள்ளவருக்கு முயற்சிக்கும் முடிவில்லை. ஆனால் விடை சீக்கிரம் வந்துவிடும். மே மாதம் எழுதினால் அந்த வருடத்துக்குள் கல்லூரி தெரிந்துவிடும். இங்கே பெறுபேற்றுக்கு மாதக்கணக்கில் காத்து, வெட்டுப்புள்ளிக்கு இன்னும் காத்து, பல வருடங்களில் அது தெரியுமுன்பே இரண்டாந்தரம் எழுதி முடித்திருப்பார்கள். தகப்பன் தொழிலுக்குப் போகும் கடலில் அந்த இடைவெளியில் பெடியனும் இறங்கிவிட்டால், பிறகு புத்தகத்துக்குத் திரும்புவது லேசான காரியமில்லை.

நீட்டின் அநியாயத்துக்கு நடுவில் தமிழ்நாடு செய்த ஒன்றை மட்டும் நாங்கள் கவனமாகப் படிக்கவேண்டும். நீதிபதி கலையரசன் குழுவின் பரிந்துரையின் பின், 2020இல் மாநில ஒதுக்கீட்டு மருத்துவ இடங்களில் 7.5 சதவீதத்தை, ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து நீட் தேறியவர்களுக்குச் சட்டமாக்கினார்கள். மறுவருடம் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் விரித்தார்கள். கல்விக் கட்டணத்தையும் அரசே ஏற்றது. அரசு உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளை வெளியே விட்டது அதன் குறை. இந்திய அரசு இராமேசுவரம் அடங்கிய இராமநாதபுரத்தை முன்னேற விழையும் மாவட்டமாக 2018இல் பட்டியலிட்டும், நீட் தரவரிசையில் அதற்கு ஒரு புள்ளி நிறையும் இல்லை, அதுவும் குறைதான். ஆனாலும் 7.5 சதவீதம் பிள்ளை உட்கார்ந்து படித்த வகுப்பறையைப் பார்க்கிறது. எங்கள் 55 வீதம் வரைபடத்தைப் பார்க்கிறது.

வகுப்பறையை அடையாளம் காண இலங்கை புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கத் தேவையில்லை. ஆசிரியர் இடமாற்றத்துக்காகப் பாடசாலைகளைக் கஷ்டப் பிரதேசம், அதிகஷ்டப் பிரதேசம் என்று அரசாங்கம் ஏற்கெனவே வகுத்து வைத்திருக்கிறது. அங்கே படிப்பிப்பது கஷ்டம் என்று ஆசிரியருக்கு ஒத்துக்கொண்ட அரசு, அங்கே படிப்பதும் கஷ்டம் என்று பிள்ளைக்கு ஏன் ஒத்துக்கொள்வதில்லை? மாவட்டத்துக்குரிய 55 வீதத்துக்குள்ளேயே ஒரு சிறு பங்கை, தரம் ஆறிலிருந்து இப்படியான பாடசாலையில் படித்தவர்களுக்கு ஒதுக்கலாம். வேறு மாவட்டத்தின் ஓர் இடமும் இதனால் குறையாது. இலகுவான வெட்டுப்புள்ளிக்காகக் கடைசி நேரத்தில் பாடசாலை மாறுகிறவர்களை அந்த ஏழு எட்டு வருட நிபந்தனையே தடுத்துவிடும்.

யாழ் நகரப் பெற்றோர் இதை எதிர்ப்பார்கள். அவர்களின் பிள்ளையும் இரவிரவாகப் படித்த பிள்ளைதான். தரப்படுத்தலில் வெந்த குடும்பம் இன்னொரு ஒதுக்கீட்டுக்குப் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆகவே முதலில் எண்களைப் பார்ப்போம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அனுமதி விபரத்தை மாவட்டவாரியாக வெளியிடுகிறது. அதையே கல்வி வலயவாரியாகவும், பாடப்பிரிவுவாரியாகவும், பத்து வருடத்துக்குச் சேர்த்து வெளியிடட்டும். தீவக வலயத்திலிருந்து மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் எத்தனை பேர் போனார்கள், அவர்களில் எத்தனை பேர் தீவிலேயே இருந்து படித்தார்கள் என்பது எல்லோர் கண்ணுக்கும் முன்னால் வந்த பிறகு, தீவகத்தின் வேலணையிலும் யாழ் நகரின் நல்லூரிலும் உள்ள பெற்றோர் ஒரே மேசையில் இருந்து பேசலாம்.