நிகியா எந்த ஊர்ப் பெண்? - ஒரு பழைய பாலேயைத் திருத்துவது பற்றி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் 'லா பயாதேர்' பாலேயை மடிக்கணினியில் முழுசாகப் பார்த்து முடித்தேன். அக்கா மகள் பாதியில் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். எட்டு வருஷமாகப் பரதம் கற்றுக்கொள்கிறவள். கடைசிவரை பேசாமல் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "மாமா, இது இந்தியாவுல நடக்குற கதைன்னு சொன்னீங்க. இதுல யாருமே நம்மள மாதிரி இல்லையே?"

பதில் சொல்ல வரவில்லை. அதைத் தேடிப் படித்ததில் எழுதியதுதான் இந்தக் கட்டுரை.

தெரியாதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிகியா ஒரு கோயில் நடனப் பெண். அவளும் சோலோர் என்ற வீரனும் காதலர்கள். தலைமைப் பிராமணருக்கும் அவள் மேல் ஒரு கண். கோல்கொண்டா ராஜா தன் மகள் கம்சாத்தியை சோலோருக்குக் கட்டிவைக்க முடிவு செய்கிறார். பூக்கூடைக்குள் பாம்பை வைத்து நிகியாவைக் கொன்றுவிடுகிறார்கள். துக்கத்தில் சோலோர் அபினிப் புகை இழுக்கிறான். நிழல்களின் உலகத்தில் அவளை மறுபடி பார்க்கிறான். ராஜாவின் பெயர் துக்மந்தா. நம்ம துஷ்யந்தன் ஐரோப்பா போய் வந்தால் இப்படித்தான் ஆகிவிடுகிறான் போல!

மாரியஸ் பெத்திபா இதை 1877-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் மேடையேற்றினார். இசை லுத்விக் மின்கூஸ். கதையைப் படித்தால் சிரிப்பு வரும். ஆனால் 'நிழல்கள்' காட்சியைப் பார்க்கும்போது சிரிப்பு நின்றுவிடும். வெள்ளை உடையில் ஒரு பெண் சரிவான மேடையில் இறங்குகிறாள். ஒரு காலைப் பின்னால் உயர்த்தி முன்னால் சாய்கிறாள், நிமிர்கிறாள், இரண்டடி வைக்கிறாள். பின்னால் இன்னொருத்தி. அப்புறம் இன்னொருத்தி. பெரிய குழுக்களில் இப்படி 32 பேர், அதே ஒரு அசைவோடு, மேடை நிறையும்வரை வந்துகொண்டே இருக்கிறார்கள். நடக்கிறது அவ்வளவுதான். ஆனால் பார்க்கிறவருக்கு மூச்சு மெதுவாகிவிடும்.

பிரச்சினை இங்கேதான் ஆரம்பிக்கிறது. அந்தக் காட்சியில் இந்தியாவே கிடையாது. இந்தியா இருப்பதெல்லாம் முதல் இரண்டு அங்கங்களில்: நெருப்பைச் சுற்றிக் குதிக்கிற பக்கிரிகள், காமம் பிடித்த பூசாரி, முகத்தில் கருப்பு மை பூசிய சிறுவர்கள். 2019 டிசம்பரில் அமெரிக்க நடனக் கலைஞர் மிஸ்டி கோப்லாண்ட், போல்ஷோய் நடனப் பெண்கள் இப்படி மை பூசி நின்ற படத்தைப் பகிர்ந்து கண்டித்தார். போல்ஷோயின் இயக்குநர் அந்த விவாதத்துக்கே வர மறுத்துவிட்டார். பாரிஸ் ஓபராவில் அதற்கு நாலு வருஷம் முன்பே, 2015-ல், பெஞ்சமின் மில்பியே அந்த மையை நிறுத்தி, 'கருப்புச் சிறுவர்கள் நடனம்' என்று பொருள்படும் பெயரையும் 'குழந்தைகள் நடனம்' என்று மாற்றியிருந்தார். நடனத்தில் ஒரு அடிகூடக் குறையவில்லை.

"மூலத்தில் கை வைக்காதே" என்கிறவர்களிடம் நான் கேட்க விரும்புவது ஒன்றுதான். எந்த மூலம்? 1877-ல் நிழல்கள் வந்தது வெளிச்சம் நிறைந்த ஒரு மாய அரண்மனையில். 1900-ல் பெத்திபாவே, 82 வயதில், அதை இருண்ட இமயமலைப் பாறைகளுக்கு நடுவே மாற்றினார். கடைசியில் தெய்வம் கோபித்துக் கோயில் இடிந்து விழும் அங்கம் ஒன்று இருந்தது. சோவியத் காலத்தில் அது போயேபோச்சு. இன்றைக்குக் கைதட்டல் வாங்குகிற 'தங்கச் சிலை' நடனத்தை 1948-ல் நிகொலாய் ஜுப்கோவ்ஸ்கி சேர்த்தார். 1980-ல் நியூயார்க்கில் நதாலியா மகரோவா கோயில் இடிவதைத் திரும்பக் கொண்டுவந்தார். 1992-ல் பாரிஸில் நூரியேவ் அது இல்லாமலே நிழல்களோடு முடித்தார். 2018-ல் பெர்லினில் ரத்மான்ஸ்கி பழைய நடனக் குறிப்பேடுகளை வைத்துப் பெத்திபாவின் அடிகளை மீட்டெடுத்தார்.

ஆக, திருத்தலாமா கூடாதா என்ற கேள்வியே கொஞ்சம் போலி. ஒவ்வொரு தலைமுறையும் திருத்தித்தான் இருக்கிறது. யாரை மனதில் வைத்துத் திருத்துகிறோம் என்பதுதான் கேள்வி.

இதற்குப் பதில் தேட பெத்திபாவுக்கும் முன்னால் போகணும். 'பயாதேர்' என்ற பிரெஞ்சுச் சொல், ஆடுகிறவள் என்று பொருள்படும் 'பைலதெய்ரா' என்ற போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து வந்தது. தேவதாசிகளை ஐரோப்பியர்கள் அப்படித்தான் அழைத்தார்கள். 1830-லேயே பாரிஸில் மரீ தலியோனி ஒரு பயாதேராக ஆடிவிட்டார். அதாவது ஒரு தேவதாசியையும் பார்க்காமலே அந்த ஊர் ரசிகர்கள் மனதில் ஒரு தேவதாசி உருவாகியாச்சு.

உண்மையான தேவதாசிகள் எட்டு வருஷம் கழித்து வந்தார்கள். 1838-ல், கடலூர் பக்கத்துத் திருவந்திபுரத்திலிருந்து. தேவநாதப் பெருமாள் கோயில் இருக்கிற அதே திருவந்திபுரம்தான். ஐந்து பெண்கள், மூன்று இசைக்காரர்கள். ஒரு பிரெஞ்சு ஏற்பாட்டாளர் புதுச்சேரி வழியாகக் கூட்டிப் போனார். அம்மணி என்ற பெண்ணுக்குப் பதினெட்டு வயது. குழுவில் ஆறு வயதுக் குழந்தை ஒன்றும் இருந்தது. பாரிஸில் ஆடினார்கள், அப்புறம் லண்டனில். சிற்பி பார் அம்மணியைச் சிறு வெண்கலச் சிலையாக வடித்தார். கவிஞர் தியோபில் கோத்தியே அவர்களைப் பற்றிப் பத்திரிகையில் எழுதினார். அம்மணியின் தோல், கண், கூந்தல், நகை எல்லாம் அதில் விரிவாக வரும்.

இந்தக் கோத்தியேதான் மூன்று வருஷம் கழித்து 'ஜிசெல்' பாலேக்குக் கதை எழுதியவர். 1858-ல் 'சகுந்தலா' பாலேக்கும் அவரே எழுதினார். அதற்கு நடனம் அமைத்தது பெத்திபாவின் அண்ணன் லூசியன். தம்பியின் 'லா பயாதேர்' வந்தது அதற்கு 19 வருஷம் கழித்து.

ஆக நிகியாவுக்குப் பின்னால் எங்கேயோ அம்மணி நிற்கிறாள். ஆனால் நிகியாவின் உடம்பில் அம்மணியின் அடவு ஒன்றுகூட இல்லை. அரைமண்டி இல்லை, முத்திரை என்று சொல்ல எதுவுமில்லை. வணக்கம் மாதிரி கையைக் குவிப்பதும் நெற்றியைத் தொடுவதும்தான் இருக்கிறது. அக்கா மகள் கண்ணில் பட்டது இதுதான்.

இப்போது நடக்கிற திருத்தங்களுக்கு வருவோம். 2024-ல் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் பில் சானும் டக் ஃபுல்லிங்டனும் இந்தப் பாலேயை 1930-களின் ஹாலிவுட்டுக்கு மாற்றினார்கள். பெத்திபாவின் அடிகள் இருக்கும்; இந்தியா இருக்காது. அவர்கள் நியாயம் புரிகிறது. கற்பனை இந்தியாவை வைத்து இனியும் கேலி வேண்டாம், நல்ல நடனமும் வீணாக வேண்டாம். கெட்டிக்காரத்தனமான தீர்வு, மரியாதையான தீர்வும்கூட. இருந்தாலும் எனக்கு ஒரு நெருடல். தப்பாக வரைந்த படத்தைத் திருத்தச் சொன்னால், படத்தில் இருந்த ஆளையே அழித்துவிட்ட மாதிரி. அம்மணி ஏற்கெனவே ஒருமுறை காணாமல் போனவள். இப்போது அவளுடைய பொய் நிழலும் போய்விடுகிறது.

இதற்கு நேர் எதிரான வழி ஒன்றும் இருக்கிறது. சென்னையில் பிறந்து பிரிட்டனில் நடனம் அமைக்கிற ஷோபனா ஜெயசிங் 2015-ல் 'பயாதேர் - தி நைன்த் லைஃப்' என்ற படைப்பைச் செய்தார. அதில் பழைய பாலே வருகிறது, 1838-ன் தேவதாசிகள் வருகிறார்கள், அவர்களைப் பார்த்து வியந்த கோத்தியேயின் பார்வையும் வருகிறது. பார்த்தவர்களைப் பார்க்க வைக்கிறார். பெத்திபாவின் மேடையில் கை வைக்கவில்லை. பக்கத்தில் இன்னொரு மேடை போட்டார். அக்ரம் கான் 2016-ல் 'ஜிசெல்'லை ஆயத்த ஆடைத் தொழிலாளர்களின் கதையாக்கியதும் இதே வகை. பழைய 'ஜிசெல்' அதனால் சாகவில்லை.

"இவ்வளவு பார்க்கணுமா? கலையைக் கலையாகப் பாருங்களேன்" என்று நண்பர் ஒருவர் சொன்னார். இதைச் சொல்ல நமக்கு உரிமை கொஞ்சம் குறைவு என்றுதான் நினைக்கிறேன். நாமும் ஒரு செவ்வியல் நடனத்தைத் திருத்தியவர்கள்தானே? 1930-களில் சதிர் பரதநாட்டியமானது. உடை மாறியது, மேடை மாறியது, சிருங்காரம் எவ்வளவு இருக்கலாம் என்று சண்டை நடந்தது. ருக்மிணி தேவி ஒரு பக்கம், பாலசரஸ்வதி இன்னொரு பக்கம். 1947-ல் சென்னை மாகாணத்தில் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டுவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் தேவையை நான் மறுக்கவில்லை. ஆனால் நடனத்தைக் 'காப்பாற்றிய' வேகத்தில் அதை ஆடிய குடும்பங்களில் பல மேடையிலிருந்து காணாமல் போயின. நடனம் வந்துவிட்டது, அம்மணி வரவில்லை. பெத்திபா செய்ததை நாமும் வேறு விதத்தில் செய்திருக்கிறோம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ருக்மிணி தேவியை நம் நாட்டு நடனத்தின் பக்கம் திருப்பியவர்களில் அன்னா பாவ்லோவா முக்கியமானவர். அதே பாவ்லோவாதான் ரஷ்யாவில் நிகியாவாகப் பேர் வாங்கியவர்.

என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். முகத்தில் மை பூசுவது நாளைக்கே நிற்கணும். அதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. பக்கிரிகளின் கூத்தையும் குறைக்கலாம், யாரும் அழமாட்டார்கள். நிழல்கள் காட்சியைத் தொட வேண்டாம். அது 32 பெண்களின் உழைப்பு, எந்த நாட்டையும் கேலி செய்யவில்லை. ஆனால் இதோடு வேலை முடிந்துவிட்டதாக நினைப்பதுதான் தப்பு. இதெல்லாம் இன்றைய பார்வையாளருக்குச் சங்கடம் வராமல் பார்த்துக்கொள்கிற திருத்தம். அம்மணிக்கு அதில் ஒன்றுமில்லை. இந்தப் பாலேயைப் போடுகிற ஒவ்வொரு அரங்கும் 1838-ன் கதையை நிகழ்ச்சிக் கையேட்டில் இரண்டு பக்கம் அச்சிடலாம். ஷோபனா ஜெயசிங்கின் படைப்பு போன்ற ஒன்றை அதே வாரத்தில், அதே மேடையில் போடலாம். பெரிய செலவில்லை, மனசுதான் வேண்டும்.

அக்கா மகளிடம் இந்தக் கதையெல்லாம் சொன்னேன். அந்த வெண்கலச் சிலையின் படத்தையும் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இவங்க எப்படி ஆடினாங்கன்னு யாரும் எழுதி வைக்கலையா மாமா?" என்று கேட்டாள்.

கண்ணைப் பற்றி எழுதினார்கள், நகையைப் பற்றி எழுதினார்கள். அடவை எழுதிவைக்க அங்கே யாருக்கும் தெரியவில்லை. பெத்திபாவின் அடிகளை மீட்கக் குறிப்பேடுகள் இருந்தன. அம்மணியின் அடிகளுக்கு அப்படி எதுவும் இல்லை.