இரண்டு கேஷ்

ஆங்கிலத்தின் 'கேஷ்' நம் காசிலிருந்து போனதுதான் என்று மேடையில் சொன்னால் கைதட்டல் நிச்சயம். எனக்கோ ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் நிதானம்தான் பிடித்திருக்கிறது. ஒரே எழுத்துக்கூட்டல் என்றாலும் அதில் இரண்டு கேஷ் உண்டு; வேர் வேறு என்பதால் பதிவும் வேறு. அகராதிக் கலையின் நயமே இப்படிப் பிரித்து வைப்பதில்தான் இருக்கிறது.

முதல் கேஷுக்கும் நமக்கும் உறவில்லை. பெட்டியைக் குறித்த லத்தீன் 'காப்ஸா' இத்தாலியில் 'காஸா' ஆகி, பிரெஞ்சின் கைபட்டு, 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்து வந்து சேர்ந்தது. முதலில் பணப்பெட்டியையும் குறித்தது. போகப்போகப் பெட்டி மறைந்து பணம் மட்டும் நின்றது. கடையடைக்கும் நேரத்தில் "இன்னிக்கு கல்லா எவ்வளவு?" என்று கேட்கிறோமே, அதே நகர்வுதான். கேஷியர் இந்தப் பெட்டிக் குடும்பத்து ஆள். ஆனால் ராணுவ அதிகாரியை அவமானப்படுத்திப் பதவி பறிப்பதைச் சொல்லும் 'கேஷியர்' என்ற வினை, உடைத்தல் என்ற வேறு வேரில் கிளைத்தது. இதையும் அகராதி கலக்கவிடுவதில்லை.

இரண்டாவது கேஷில்தான் நம் பங்கு. சோழர் கல்வெட்டுகளில் புழங்கிய காசை, அல்லது அதன் கொங்கணி வடிவம் ஒன்றை, போர்ச்சுகீசியர் 'கைஷா' ஆக்கிக்கொண்டார்கள். அவர்கள் மொழியில் பெட்டிக்கும் அதுதான் பெயர்! அந்தக் கைஷாவும் காப்ஸாவின் வழிவந்ததே. ஆக, ஆங்கிலத்தில் ஒன்றுபோல ஒலிக்கும் இரண்டும் போர்ச்சுகீசியர் நாவிலேயே ஒருமுறை உரசிக்கொண்டவை. இந்தச் சொல்லின் வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த இடம் இது. பிறகு ஐரோப்பிய வணிகர்கள் சீனாவின் சதுரத் துளையுள்ள செப்புக்காசையும் இந்தப் பெயராலேயே அழைத்தார்கள்.

சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனிக் கணக்கு 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்று ஓடியது. 1808இல் சென்னைக்காக பர்மிங்ஹாமின் சோஹோ அக்கசாலை அடித்த செப்புக்காசைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் சிங்கங்கள் தாங்கிய கம்பெனிச் சின்னம். மறுபக்கம் பாரசீக எழுத்து. அதன் அடியில் ரோமன் எண்ணில் இருபது, பக்கத்திலேயே ஆங்கிலத்தில் 'கேஷ்'. நம் காசுதான் அது, ஆங்கில எழுத்தில். இவற்றை ஏற்றிக்கொண்டு கிளம்பிய அட்மிரல் கார்ட்னர் கப்பல், 1809 ஜனவரியில் கென்ட் கரையோரக் குட்வின் மணல்திட்டில் சிக்கி உடைந்தது. பின்னாளில் முக்குளிப்போர் மேலே கொண்டுவந்த காசுகள் இன்றும் நாணயம் சேர்ப்பவர்களிடையே கைமாறுகின்றன.