லொரெட்டா லின் சொன்ன இரண்டு கதைகள்

தம்முடைய வாழ்க்கையை ஒருவர் இரண்டு தடவை சொல்கிறார். ஒரு தடவை பாட்டாக, இன்னொரு தடவை புத்தகமாக. இரண்டில் எது நிஜம் என்ற கேள்வி லொரெட்டா லின்னைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு எழுகிறது.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில், கிராமத்து ஜனங்களிடையே பிறந்து, ரேடியோவிலும் இசைத்தட்டிலும் வளர்ந்த பாட்டு வகைக்குக் ‘கண்ட்ரி’ சங்கீதம் என்று பெயர். அதில் தாமே எழுதித் தாமே பாடியவர் லொரெட்டா. கெண்டக்கி மாநிலத்தில் புட்சர் ஹாலோ என்ற இடுங்கிய பள்ளத்தாக்கில், எட்டுக் குழந்தைகளில் இரண்டாமவராகப் பிறந்தார். தகப்பனார் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. சின்ன வயதிலேயே கல்யாணமாகி, வாஷிங்டன் மாநிலத்துக்குக் குடிபோய், நாலு குழந்தைகளுக்குத் தாயானார். கணவர் வாங்கித் தந்த மலிவான கித்தாரில் தாமாகவே வாசிக்கப் பழகினார். 1960-ல் முதல் இசைத்தட்டு வெளிவந்தது. கணவனும் மனைவியுமாகக் காரில் ஊர் ஊராகப் போய், ரேடியோ நிலையங்களில் அதைப் போடச் சொல்லிக் கேட்டார்கள். 1972-ல் கண்ட்ரி சங்கீத சங்கத்தின் தலையாய பரிசைப் பெற்ற முதல் பெண் அவர்தான்.

1970-ல் வெளிவந்த ‘கோல் மைனர்ஸ் டாட்டர்’ என்ற பாட்டு அவருடைய இளமைக் கதை. வறுமையைப் பற்றிய புலம்பல் அதில் இல்லை, பொருள்கள்தான் இருக்கின்றன. கோடையில் வெறுங்கால். குளிர்காலம் வந்தால் ஆளுக்கு ஒரு ஜோடி பூட்ஸ், பன்றி விற்ற பணத்தில் தபால் மூலம் வரவழைத்தது. பாட்டு நீளம் என்று தயாரிப்பாளர் ஓவன் பிராட்லி சொன்னதன் பேரில் சில சரணங்களையும் வெட்டினார். மகள் பாடிப் புகழ் பெற்றதைப் பார்க்காமலே தகப்பனார் 1959-ல் இறந்துபோனார். அந்தச் சாவு பாட்டில் ஒரு வார்த்தையாகக்கூட வரவில்லை. கடைசியில் பழைய வீட்டுக்குத் திரும்பினால் தரை மட்டும் மிச்சமிருக்கிறது, அவ்வளவுதான். நாவல் எழுதுகிறவர்கள் பல பக்கங்களில் செய்ய முயன்று தோற்கிற காரியம் இது.

1976-ல் அதே தலைப்பில் சுயசரிதை வந்தது. 1980-ல் அது சினிமாவாகி, அவர் வேஷத்தில் நடித்த சிஸ்ஸி ஸ்பேசெக்குக்கு ஆஸ்கார் பரிசு வாங்கித் தந்தது. பதின்மூன்று வயதில் கல்யாணம் என்பது அந்தக் கதையில் எல்லோர் மனத்தையும் உருக்கிய விஷயம். ஆனால் 2012-ல் ஒரு செய்தி நிறுவனம் பழைய பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தது. அவர் பிறந்தது 1932-ல்; கல்யாணம் 1948-ல். அப்போது வயது பதினைந்து.

பாடகிகள் வயதைக் குறைத்துச் சொல்வது அதிசயமா என்று கேட்கலாம். மேடையில் சொன்னால் அதிசயமில்லை. ஆனால் சுயசரிதை என்று அட்டையில் போட்டுவிட்டால் வாசகனுக்கு ஒரு வாக்குக் கொடுத்தாகிவிட்டது. அந்த இரண்டு வருஷத்தை நம்பித்தான் அவன் கண்ணீர் விட்டான். பதினைந்து வயதுப் பெண்ணின் தலையில் குடும்பம் விழுந்ததே போதுமான துக்கம் இல்லையா? கருத்தடை மாத்திரையைப் பற்றி 1975-ல் பாடி, பல ரேடியோ நிலையங்கள் ஒலிபரப்ப மறுத்தபோதும் அசையாமல் நின்றவர் அவர். அவருடைய வாழ்க்கைக்கு மெருகு தேவையே இல்லை. கையிலுள்ள விஷயத்தின் பலத்தில் சந்தேகம் வந்தால்தான் எழுதுகிறவன் ஒரு கரண்டி அதிகமாகச் சர்க்கரை போடுகிறான். பாட்டில் அந்தச் சந்தேகம் அவருக்கு வரவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. அதனால்தான் வெட்டினார், வெட்டிய பிறகும் அது முழுசாக நின்றது.

2022-ல் தொண்ணூறு வயதில் அவர் காலமானார். சுயசரிதையைப் படிக்கிறவர்கள் தாராளமாகப் படிக்கட்டும், சுவையான புத்தகந்தான். எனக்கு, பன்றி விற்று வாங்கிய அந்தப் பூட்ஸ் போதும்.