வணக்கமும் ஆத்தும சோதனையும்: தொடக்ககாலத் தமிழ்க் கிறித்தவ நூல்களில் அன்றாட ஆன்மப் பேணல்

முன்னுரை

தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் நூலாகிய தம்பிரான் வணக்கம் 1578-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 20-ஆம் நாள் கொல்லத்தில் வெளிவந்தது. பதினாறு பக்கங்களே கொண்ட இச்சிறு நூலைக் குறிப்பிடாத தமிழ் அச்சு வரலாறு இல்லை. அதனை அடுத்துக் கொச்சியில் வெளிவந்த கிரிசித்தியாணி வணக்கம் (1579), கொம்பெசியொனாயரு (1580), பின்னர் வெளிவந்த அடியார் வரலாறு (1586) ஆகியனவும் தமிழ் உரைநடை வளர்ச்சியைப் பேசுவோரால் எடுத்துக்காட்டப்பெறுகின்றன. மயிலை சீனி. வேங்கடசாமியின் கிறிஸ்தவமும் தமிழும் (1936) இத்துறைக்குக் கால்கோள் இட்டது. அடியார் வரலாற்றை 1967-இல் பதிப்பித்த இராசமாணிக்கம் அடிகளாரின் உழைப்பு அதனை மேலும் வளப்படுத்தியது.

ஆயினும் இந்நூல்கள் எதன்பொருட்டு எழுதப்பட்டனவோ அப்பயன் இலக்கியத் திறனாய்வில் போதிய அளவு கருதப்படவில்லை. அச்செழுத்தின் வடிவம், பேச்சு வழக்கு, போர்த்துக்கீசியச் சொற்கலப்பு என்பன விரிவாக ஆராயப்பெற்றன. முத்துக்குளித்துறைப் பரதவர் காலையில் எழுந்ததும் என்ன சொல்ல வேண்டும், ஞாயிறுதோறும் எதனை நினைவுகூர வேண்டும், தம் குற்றத்தை எவ்வாறு தாமே தேடிக் காண வேண்டும் என்று கற்பிப்பதே இந்நூல்களின் நோக்கம். ஆன்மாவைப் பேணும் அன்றாடப் பயிற்சிக் கையேடுகளாக அவற்றை அணுகும்போது, அவற்றின் மொழியும் அமைப்பும் வேறொரு பொருளைப் பெறுகின்றன என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

'வேணும்' என்ற சொல்

இப்பயிற்சியின் தொடக்கம் அச்சுக்கு முற்பட்டது. 1542-ஆம் ஆண்டின் இறுதிப் பகுதியில் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிசு சவேரியார், இருமொழியும் ஓரளவு அறிந்தவர்களைக் கூட்டி, விசுவாச அறிக்கை, கர்த்தர் கற்பித்த செபம், மங்கள வாழ்த்து, பத்துக் கட்டளைகள் முதலியவற்றைத் தமிழாக்கி மனப்பாடம் செய்தார். 1544-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் கொச்சியிலிருந்து உரோமைக்கு எழுதிய மடலில் தம் முறையை அவரே விளக்கியுள்ளார்.

அதே ஆண்டில் தம் உடனுழைப்பாளர் மான்சிலாசுக்கு அவர் எழுதிய மடலொன்று மொழியாய்வாளர் கருத்தில் கொள்ளத்தக்கது. விசுவாச அறிக்கையில் 'நம்புகிறேன்' என்னும் பொருளில் வர வேண்டிய இடத்தில் 'எனக்கு வேணும்' என்ற தொடர் வழங்கி வந்தது. 'வேணும்' என்பது விருப்பத்தைக் குறிப்பதாகலின் அதனை நீக்கி, விசுவாசம் என்னும் சொல்லை ஆளுமாறு சவேரியார் அறிவுறுத்துகிறார். இத்திருத்தம் மொழிபெயர்ப்புப் பிழைக்கு எடுத்துக்காட்டாகவே பெரும்பாலும் சுட்டப்பெறுகிறது. அதனினும் ஆழமான ஒன்று இதில் உண்டு. ஒரு திங்களுக்கும் மேலாக நாள்தோறும் இருமுறை மக்கள் வாய்விட்டுச் சொல்லிப் பழகிய தொடர் அது. அன்றாடம் சொல்லும் சொல்லே உள்ளத்தை உருவாக்கும் என்ற நம்பிக்கை இல்லாதவர்க்கு ஒரு வினைச்சொல்லின் மாற்றம் மடல் எழுதுமளவுக்கு இன்றியமையாததாகத் தோன்றியிராது.

திருத்தப்பட்ட அச்சொல் வழிபாட்டிலிருந்து முற்றிலும் நீங்கிவிடவில்லை என்பதும் நோக்கத்தக்கது. சவேரியாரின் ஞாயிறு வழிபாட்டில், விசுவாச அறிக்கையின் ஒவ்வொரு பகுதியையும் மக்கள் கைகளை மார்பில் குறுக்காக வைத்து ஏற்றுரைத்தனர். உடன், அப்பகுதியை ஐயமின்றி நம்பும் அருளைத் தருமாறு இயேசுவிடம் வேண்டினர்; பின் மரியன்னையின் பரிந்துரையை நாடினர். கட்டளைகளுக்கும் இதே முறை பின்பற்றப்பட்டது. 'நம்புகிறேன்' என்ற அறிக்கையை அடுத்து 'நம்பும் வரம் வேண்டும்' என்ற மன்றாட்டு வருகிறது. அறிக்கையில் பொருந்தாத சொல் மன்றாட்டில் தனக்குரிய இடத்தைப் பெறுகிறது. நம்பிக்கை ஒருமுறை அடைந்து முடித்த உடைமையன்று, நாளும் கேட்டுப் பெற வேண்டியது என்னும் கருத்து இவ்வமைப்பினுள் அடங்கியுள்ளது. கற்றவர் கல்லாதவர் என்ற வேறுபாடின்றி அனைவர்க்கும் இயலும் பயிற்சியாக அது அமைந்ததும் இதனாலேயே.

கோட்பாடு வணக்கமாதல்

1546-இல் இந்தியாவுக்கு வந்து, தம் வாழ்நாளின் பெரும்பகுதியை முத்துக்குளித்துறையில் கழித்து, 1600-இல் மறைந்த அண்டிரிக்கு அடிகளார் இப்பயிற்சிக்கு நூல்வடிவம் தந்தார். அவர்தம் முதலிரு நூல்களின் பெயர்களே ஆராயத்தக்கன. போர்த்துக்கீசியத்தில் 'தொத்திரினா' என்பது கற்பிக்கப்படும் கோட்பாட்டைக் குறிக்கும். தமிழில் அதற்கு ஈடாக உபதேசம், போதனை முதலிய சொற்கள் இருந்தும் அடிகளார் 'வணக்கம்' என்ற சொல்லைத் தேர்ந்தார். அறிந்துகொள்ள வேண்டியது செய்ய வேண்டியதாக மாறுகிறது. தம்பிரான் என்னும் சொல்லோ சைவ மரபில் நன்கு வேரூன்றியது. புதிய சமயத்தின் அறிமுகம், மக்கள் முன்பே அறிந்த வழிபாட்டு உறவின் சொல்லால் நிகழ்கிறது.

கிரிசித்தியாணி வணக்கம், மார்க்கோசு சோர்சு என்பாரின் போர்த்துக்கீசிய நூலைத் தழுவியது; வினாவிடை அமைப்பினது. வினாவிடை என்பது தனியே அமர்ந்து படிப்பதற்குரிய வடிவமன்று. கேட்பவரும் விடையிறுப்பவருமாக இருவர் வேண்டும். எழுத்தறிந்த ஒருவர் வாசிக்க, ஏனையோர் கேட்டுச் சொல்லும் சூழலுக்கே அது பொருந்தும். எனவே இந்நூலின் நடையை 'கொச்சை' என்று ஒதுக்குவதோ, 'எளிமை' என்று பாராட்டுவதோ ஒருசேரக் குறையுடையன. வாய்மொழியாக மீள மீளச் சொல்லப்படுவதற்கென்றே அமைந்த நடை, அப்பயன்பாட்டைக் கொண்டே மதிப்பிடப்பெற வேண்டும்.

தன்னைத் தான் வினவுதல்

ஆன்மப் பேணல் என்ற நோக்கில் இந்நூல் வரிசையில் தலையாயது கொம்பெசியொனாயரு ஆகும். பாவசங்கீர்த்தனத்திற்குத் தம்மை ஆயத்தம் செய்வோர்க்கு வழிகாட்டும் நூல் இது. இவ்வகைக் கையேடுகள் கட்டளைகளின் வரிசையில் ஒருவர் தம்மைத் தாமே வினவிக்கொள்ளும் முறையைப் பயிற்றுவிக்கின்றன. பிற்காலக் கத்தோலிக்கத் தமிழில் 'ஆத்தும சோதனை' என்ற அழகிய தொடர் இதற்கு வழங்கலாயிற்று.

தன் குற்றத்தைத் தான் காண்டல் தமிழ் அறநூல் மரபுக்குப் புதிதன்று. புறங்கூறாமை அதிகாரத்தில் வள்ளுவர் அதனை வலியுறுத்துவதைச் சுட்டி, கிறித்தவ ஆத்தும சோதனையும் அதுவும் ஒன்றே எனக் கூறுவாரும் உளர். ஒப்புமை உண்மையே. எனினும் வேறுபாடே ஈண்டு ஆய்வுக்குரியது. குறள் கூறும் தற்காட்சி ஒரு பண்பு; அதற்குக் காலமும் வரிசையும் வகுக்கப்படவில்லை. ஆத்தும சோதனையோ ஒரு செயல்முறை. அதற்கு வேளை உண்டு, வினாப்பட்டியல் உண்டு, கண்டதைப் பிறரொருவர் முன் வாய்விட்டுச் சொல்லும் கடப்பாடும் உண்டு. பண்பினைச் செயல்முறையாக மாற்றிய இடத்தில்தான் இந்நூலின் தனித்தன்மை உள்ளது.

இதற்கான மெய்ப்பொருள் அடிப்படையைத் தத்துவ போதகர் எனப்பெற்ற இராபர்ட்டு தெ நொபிலியின் (1577–1656) ஆத்தும நிருணயம் தெளிவுபடுத்துகிறது. கிறித்தவக் கொள்கை மறுபிறப்பை ஏற்பதில்லை. பல பிறவிகளில் வினை தீரும் எனின் ஒரு நாளின் குற்றம் நெடுங்கணக்கில் ஒரு சிறு பதிவு. பிறவி ஒன்றே எனின் ஒவ்வொரு நாளும் கணக்கு முடிக்கும் நாளாகிறது. இரவுதோறும் தன்னைச் சோதித்துக்கொள்ளும் பழக்கத்தின் அவசரம் இங்கிருந்தே பிறக்கிறது. வீரமாமுனிவர் (1680–1747) தம் வேதியர் ஒழுக்கத்தை (1727) பிறர்க்குப் போதிப்பாரின் சொந்த ஒழுக்கம் குறித்ததாக அமைத்ததும் இத்தொடர்ச்சியிலேயே வைத்து எண்ணத்தக்கது. தேம்பாவணி பெற்ற ஆய்வில் ஒரு சிறு பகுதியையேனும் இவ்வுரைநடை நூல் பெற்றிருக்குமாயின், முனிவரின் பணி இன்னும் முழுமையாக விளங்கியிருக்கும்.

காப்பும் கண்காணிப்பும்

இப்பயிற்சியைப் போற்றுவதோடு திறனாய்வு நின்றுவிடல் ஆகாது. தாம் கற்ற செபங்களைப் பெற்றோர்க்கும் வீட்டார்க்கும் அண்டை அயலார்க்கும் கற்பிக்குமாறு சவேரியார் சிறுவர்களைப் பணித்தார். தாம் செல்ல இயலாத நோயாளர் இல்லங்களுக்கும் அவர்களையே அனுப்பினார். நோயுற்றவர் படுக்கையருகே ஒரு சிறுவன் நின்று செபம் சொல்லும் காட்சி, ஆன்மப் பேணல் குருவின் தனியுரிமையாக இருக்கவில்லை என்பதைக் காட்டுகிறது. ஆயின் அதே சிறுவர்கள், பெரியோர் பழைய தெய்வங்களை வணங்குவதைக் கண்டு வந்து உரைத்தனர் என்பதும், உருவங்களை உடைத்தனர் என்பதும் அதே 1544-ஆம் ஆண்டு மடலில் பதிவாகியுள்ளன. பேணலுக்கு உரிய கருவி கண்காணிப்புக்கு உரிய கருவியாகவும் ஆயிற்று. தன்னைத் தான் வினவுதல் என்ற பயிற்சி பிறரை வினவும் அதிகாரமாகத் திரியும் இடம் இது. இவ்விரண்டையும் ஒருசேர நோக்காத ஆய்வு பாராட்டுரையாகவோ பழிப்புரையாகவோ முடியும்.

சாத்திரியாரும் அமரும் இடமும்

சீர்திருத்தத் திருச்சபையினரிடையே இப்பயிற்சி பாடலின் வழியே இல்லங்களை அடைந்தது. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு தொடங்கிய மரபில், செருமானிய மெட்டுகளில் அமைந்த ஞானப்பாட்டுகள் வழங்கின. தஞ்சை வேதநாயக சாத்திரியார் (1774–1864) அதற்கு இணையாகத் தமிழ் இசையையும் தமிழ்ச் சிற்றிலக்கிய, நாட்டார் வடிவங்களையும் கொண்டுவந்தார். பெத்லகேம் குறவஞ்சி பெரும்புகழ் பெற்றது. ஆயினும் அன்றாட வாழ்வு என்ற நோக்கில் ஞான ஏற்றப்பாட்டு போன்றவையே மிகவும் சிந்திக்கத்தக்கன. ஏற்றப்பாட்டு என்பது நீர் இறைப்போர் எண்ணிக்கை தவறாமல் சாலுக்குச் சால் பாடும் தொழிற்பாட்டு. உழைப்பின் தாளத்தையே தியானத்தின் தாளமாக்கும் வாய்ப்பு அவ்வடிவத்தில் உண்டு. எனினும் தொழிற்களத்தின் வடிவத்தை அவைக்கு எடுத்துவருவது வேறு. தொழிற்களத்திலேயே வழிபாடு நிகழ்வது வேறு. வடிவத்தைக் கண்டவுடன் மக்கள் வழிபாடு என முடிவுகட்டுவது ஆய்வுக்குப் பொருந்தாது.

சாத்திரியார் 1829-இல் புதிய மறைப்பணியாளர்களுக்கு எதிராக எழுதிய நூலில் இச்சிக்கல் கூர்மையடைகிறது. வேதநூல் மொழிபெயர்ப்பை மாற்றுதல், வழிபாட்டில் தமிழிசையை நீக்குதல், விழாக்களில் மலர் பயன்படுத்துவதைத் தடுத்தல், ஆலயத்தில் சாதிவாரியாக அமரும் வழக்கத்தை ஒழித்தல் ஆகிய நான்கையும் அவர் ஒரே வகைக் கொடுமையாகக் கண்டு எதிர்த்தார். முதல் மூன்றில் அவர் பக்கம் நிற்பது இன்றைய தமிழ் வாசகர்க்கு எளிது. நெடுநாள் வாயில் பயின்ற சொல்லையும் செவியில் பயின்ற இசையையும் கையில் ஏந்திய மலரையும் பறிப்பது ஆன்மாவின் பழக்கத்தைப் பறிப்பதாகும். நான்காவதில் அவ்வாறு நிற்க இயலாது. 1833-இல் கல்கத்தாப் பேராயர் தேனியல் வில்சன் திருச்சபைக்குள் சாதி வேறுபாட்டை நீக்க ஆணையிட்டபோது, தஞ்சை முதலிய இடங்களில் பலர் திருச்சபையை விட்டே விலகினர் என்பது வரலாறு.

அன்றாடப் பழக்கம் ஆன்மாவைக் காக்கும் என்ற கருத்தின் எல்லை இங்கே புலப்படுகிறது. அமரும் இடமும் ஓர் அன்றாடப் பயிற்சியே. செபம் பயின்ற அதே உடல் விலகி அமர்வதையும் பயின்றது. பழக்கம் என்பதாலேயே ஒன்று தூய்மை பெற்றுவிடுவதில்லை. கொம்பெசியொனாயரு கற்பித்த வினவும் முறை, வினவப்படாத இவ்வழக்கத்தின் மீதும் செல்ல வேண்டியிருந்தது. அவ்வாறு செல்லாதபோது ஆத்தும சோதனை தனியொருவரின் குற்றப்பட்டியலாகச் சுருங்கி, கூட்டத்தின் குற்றத்தைக் காணாது விடுகிறது.

நிறைவுரை

சமய இலக்கியத்தை மதிப்பிடும்போது காப்பியத்திற்கு முதன்மை தருவது தமிழாய்வின் நெடுநாள் வழக்கம். கிறித்தவ இலக்கியம் எனின் தேம்பாவணியும், எச்.ஏ. கிருட்டிணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகமும் (1894) முன்னிற்கும். அவற்றின் சிறப்பு மறுக்கவியலாதது. ஆயினும் எழுத்தறியாத மீனவப் பெண்ணொருத்தியின் நாவில் நாள்தோறும் புழங்கியவை சின்னஞ்சிறு செபங்களும் வினாவிடைகளுமே. விசுவாச மந்திரம், பரலோக மந்திரம் எனக் கத்தோலிக்கத் தமிழர் அவற்றை 'மந்திரம்' என்றே வழங்கியது, சொல்லச் சொல்ல உள்ளத்தில் நிலைப்பது என்ற தமிழ்மண்ணின் புரிதலை அவற்றிற்கு அளித்தது.

இந்நூல்களை இலக்கியம் என்று கொள்ளலாமா என்ற வினா தொடர்ந்து எழுப்பப்பெறுகிறது. கற்பனையும் அணியும் கொண்டு நோக்கின் விடை ஐயத்திற்குரியது. ஒரு மொழி தன் மக்களின் உள்ளத்தோடு நாள்தோறும் எவ்வாறு உறவாடியது என்பதைக் காட்டும் சான்றுகள் என்று நோக்கின் அவற்றிற்கு நிகரானவை மிகச் சிலவே. 'வேணும்' என்ற ஒரு சொல்லின் இடமாற்றத்தையும், விலகி அமர்ந்த ஒரு சபையின் செபத்தையும் ஒரே வரலாற்றின் பகுதிகளாகக் கொண்டு, வழிபாட்டுச் சிறுநூல்களைப் பயன்பாட்டு நோக்கில் பதிப்பித்தலும் ஆராய்தலும் தமிழ்த் துறைகள் மேற்கொள்ள வேண்டிய பணியாகும்.